கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும்

"சாவடிச் சாவியக் குடுங்க."

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய். அரிவாள் பழத்துக்குள்ளேயே நின்றது.

"இன்னாது?"

"சாவடி. பிள்ளைங்க உக்கார வேணும். நேத்து மழையில கொட்டாய் பாதி விழுந்துடுச்சி. மீதி பாதி இன்னிக்கு விழும்."

இதைக் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, மலையூர்களில் பால்வாடி நடத்தும் எங்கள் சங்கத்தின் திருப்பத்தூர் ஆபீஸில், செயலாளர் அமலநாதன் சார் விரல் மடக்கிச் சொன்னார். "விறகு கேளு. ஆள் கேளு. அவசரம்னா அரிசிகூடக் கேளு. சாவடிய மட்டும் கேட்டுடாதே. மலை ஜனங்க. உனக்கு முன்னாடி இருந்த டீச்சர் கேட்டுச்சு. ஒரு வருஷம் ஒரு பிள்ளைய அனுப்பல." நான் தலையாட்டினேன். பி.ஏ. முடித்து ஒன்றரை வருஷம் சும்மா இருந்தவள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள்?

மேல்கொல்லை என்பது அந்த ஊர். புதூர்நாடு வரைக்கும் ஜீப் வரும், அதற்கு மேல் நாலு மைல் நடை. இருபத்து மூன்று வீடு. எல்லாம் புல் வேய்ந்த வீடு. ஓடு போட்ட கட்டடம் ஊருக்கே ஒன்றுதான், அதுதான் சாவடி. கல் சுவர், மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. உள்ளே சாமி மேளமும் வேலும் இருக்கும். சாமி நாளில் ஆண்கள் உள்ளே போவார்கள், பெண்கள் போகக் கூடாது. வருஷத்தில் பத்து நாள் திறந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அது எலிகளுக்குச் சொந்தம். என் இருபத்தாறு பிள்ளைகளோ மங்கம்மாளின் மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம்.

மங்கம்மாள்தான் பால்வாடி ஆயா. புருஷன் பழனி குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தான். கொட்டகை விழுந்த அன்று அவள் மாட்டைக் கூட அவிழ்க்காமல் பிள்ளைகளைத்தான் முதலில் இழுத்து வெளியே போட்டாள். மாடு தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு பிழைத்தது.

மாட்டுக் கொட்டகை போதாது, மாசக் கடைசிக்குள் நல்ல கூரையுள்ள இடம் இல்லையென்றால் மேல்கொல்லை பால்வாடியை எடுத்துவிடுவோம் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வயசானதும் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் நடக்க வேண்டும். அன்னிய மனுஷனைப் பார்த்துப் பேசிப் பழகாத மலைப் பிள்ளை அங்கே ஒரு வாரம் மூலையில் நிற்கும், வாத்தியார் ஒரு அடி போடுவார், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் படிப்பு. அந்த ஊரில் அதுவரைக்கும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

கோபால்சாமிக் கவுண்டர் அரிவாளைப் பிடுங்கினார்.

"அது என் வூட்டுச் சாவியா டீச்சரம்மா, எடுத்துக் குடுக்க? ஊர்ச் சாவி. ஊரு கூடணும்."

"கூட்டுங்க."

"கூட்டலாம். இருபத்திமூணு வூட்டையும் கூப்பிடுவோம். மூணு வூடு பதில் சொல்லலன்னா கூட்டம் கலைஞ்சிரும். அதான் எங்க முறை. ஒம்போது வூட்டு ஆம்பளைங்க இப்ப குடகுல கீறாங்க. ஆனி மாசம் வருவாங்க. அப்ப வந்து கேளு."

"இப்ப சித்திரை. ஆனி வரைக்கும் பிள்ளைங்க எங்க உக்காரும், உங்க தலை மேலயா?"

கவுண்டரம்மாள் உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. கவுண்டர் சிரிக்கவில்லை.

"இன்னா வாயி! கீழ்நாட்டு வாயி. சரி, வெள்ளிக்கெழமை கூட்டறேன். நீயே நின்னு பாரு. மூணாவது வூட்டோட எல்லாரும் எழுந்து போய்ட்டே இருப்பாங்க. அப்புறம் இங்க வந்து நிக்கக் கூடாது."

கையில் இரண்டு சுளையைக் கொடுத்து அனுப்பினார். கோபத்தில் அதைத் தின்னாமல் நடந்தேன். பாதி வழியில் தின்றுவிட்டேன்.

*

அந்த ஊரில் நான் எதைச் சொல்லிக் கொடுத்தேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நடந்தது புரியாது.

சங்கத்தில் எனக்கு ஒரு படச் சுருள் கொடுத்திருந்தார்கள். 'நமக்கு உதவுவோர்' என்று தலைப்பு. தபால்காரர், தீயணைப்பு வண்டி, போக்குவரத்து போலீஸ். முதல் நாள் அதை மாட்டினேன். மங்கம்மாளின் மகள் சகுந்தலாவுக்கு அப்போது நாலு வயசு, மூக்கு எப்போதும் ஒழுகும், வாய் அதைவிட. போலீஸ்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, இவரு இன்னாத்துக்குக் கைய நீட்டிக்கினு நிக்கிறாரு? மழை தூறுதான்னு பாக்குறாரா?"

"வண்டியெல்லாம் நிறுத்துறாரு."

"வண்டி எங்க கீது?"

அந்தப் பிள்ளைகளில் பலர் ஜீப்பையே பார்த்ததில்லை. படத்தைச் சுருட்டி வைத்தேன். மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிள்ளைகள் கேட்க வேண்டும்: "நீ ஊருக்கு இன்னா பண்ற?" இதுதான் பாடம். ஒருவர் ஊற்றைத் தூர் வாருவேன் என்றார். ஒரு கிழவி பிரசவம் பார்ப்பேன் என்றாள். ஒருவர் மேளத்துக்குத் தோல் கட்டுவேன் என்றார். கோபால்சாமிக் கவுண்டரைக் கேட்டபோது அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "சண்டை தீப்பேன்" என்றார் கடைசியில். "அன்னிக்கு எங்கம்மாவோட நீதான சண்டை போட்ட?" என்றாள் சகுந்தலா.

அப்புறம் ஆஜர் எடுப்பது. ரெஜிஸ்டரில் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பிள்ளைகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்ளும். ஆனால் விளையாடும்போது அதே பிள்ளைகள் ஊர் கூடுகிற விளையாட்டைத் தொண்டை கிழிய ஆடுவதைப் பார்த்தேன். ஊர் கூடும்போது ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். சக்கரவர்த்தி என்பவரின் குடும்பத்துக்குத்தான் அந்த வேலை. அவர் கூப்பிட, வீட்டு ஆண் எழுந்து "கீறோம்", அதாவது இருக்கிறோம், என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு தொடங்கும்.

நான் அதையே எடுத்துக்கொண்டேன். பிள்ளையைக் கூப்பிடுவதில்லை, வீட்டைக் கூப்பிடுவேன். அந்த வீட்டுப் பிள்ளை எதுவானாலும் பதில் சொல்லலாம், ரெண்டு வயசுப் பிள்ளையானாலும் சரி. பதில் வராத வீடு இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்து ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். காய்ச்சலா, ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கிறதா? தெரியவில்லையென்றால் இரண்டு பேர் ஓடிப் போய்ப் பார்த்து வர வேண்டும். எல்லா வீடும் முடிகிற வரைக்கும் மத்தியானச் சோறு போட மாட்டேன். பசியில் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிப் பதில் சொல்ல வைக்கும். மூன்று மாசத்தில் வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரு வீடு சத்தமில்லாமல் இருந்தால் அவர்களுக்கு உடம்பே கூசும்.

ஊரை யாரும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது?

*

வெள்ளிக்கிழமை வெயில் தாழ ஊர் கூடியது. சாவடி வாசலில் கல் மேல் ஆண்கள். தள்ளிப் புங்க மரத்தடியில் பெண்கள், பிள்ளைகள், நான். பெண்கள் அங்கே நிற்கலாம், கேட்கலாம். பேசக் கூடாது. மங்கம்மாள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "டீச்சரே, வாயத் தொறக்காதே. நீ தொறந்தா எல்லாம் கெட்டுப் போய்டும்." எனக்கு வேண்டியவளே இப்படிச் சொன்னாள்.

சக்கரவர்த்தி எழுந்தார். ஒல்லியான உடம்பு. அதிலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"கோபால்சாமி வூடு!"

"கீறோம்."

ஐந்தாறு வீடு வரிசையாகச் சொல்லி வந்தது. ஏழாவது வீட்டுக்குப் பதில் வரவில்லை. சக்கரவர்த்தி கொஞ்சம் நின்று அடுத்ததற்குப் போனார். ஒன்பதாவதும் இல்லை. கவுண்டர் என் பக்கம் பார்த்தார். பார்வையில் 'சொன்னேன் இல்ல?' இருந்தது. இரண்டு மூன்று பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள், எழுந்து போகத் தயாராக.

"பழனி வூடு!"

பதில் இல்லை. பழனி குடகில் இருக்கிறான். மங்கம்மாள் தரையைப் பார்த்தாள். கவுண்டர் முழங்காலில் கையூன்றி எழப் போனார்.

"கீறோம்!"

சகுந்தலா. புங்க மரத்தடியிலிருந்து நேரே நடந்து கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் போய்விட்டாள்.

"எங்கப்பா குடகுல கீறாரு. அம்மா கீது, நான் கீறேன், ஆடு கீது."

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவன், "ஆட்ட ஏன் கூட்டிக்கினு வரல?" என்றான். "அது குட்டி போடப் போவுது" என்றாள் அவள், ரொம்பப் பொறுப்பாக.

கவுண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "உன்ன யாருடி பதில் சொல்லச் சொன்னது?"

"நீங்கதான கூப்ட்டீங்க?" அவருக்குக்கூட இது தெரியவில்லையே என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். "பதில் சொல்லலன்னா யாருக்கும் சோறு போட மாட்டாங்க."

இந்தத் தடவை பெண்கள் சிரித்தார்கள். அதுதான் கவுண்டருக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "இது உன் வேலை. நீதான சொல்லிக் குடுத்து அனுப்பின?"

மங்கம்மாளின் பிடி இறுகியது. இருந்தாலும் கேள்வி என்னைத்தானே கேட்டார்கள்?

"கூப்பிட்டா பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். இங்க சொல்லுன்னு அனுப்பல."

"இங்க சொல்லக் கூடாதுன்னும் சொல்லிக் குடுக்கணும்ல?"

"அத எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிக் குடுங்க. அவ எதிர்லதான் நிக்கிறா."

கவுண்டர் சகுந்தலாவைப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சினாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு பெரிய மனுஷன் ஒரு சின்னப் பெண்ணிடம், நீ இந்த ஊரில் இருக்கிறாய், ஆனால் இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது என்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அவரால் முடியவில்லை.

"குழந்த சொல்றது பதிலாவுமா?" என்றார் கல்லின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர். "பல்லு முழுசா மொளைக்கல."

அப்போதுதான் என் கையை விட்டுவிட்டு மங்கம்மாள் நடந்தாள். போய் மகளுக்குப் பின்னால் நின்றாள்.

"குழந்த சொன்னா ஆவாதுன்னா நான் சொல்றேன். கீறோம். வருஷா வருஷம் திருவிழாவுக்குப் படி சாமைய இந்தக் கையாலதான் அளந்து போடறேன். அப்ப வாங்கிக்கினு போறீங்களே, அப்ப மட்டும் பழனி வூடு கீதா?"

துண்டை உதறியவர்கள் அதைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார். யாரையும் கேட்கவில்லை. கவுண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் வராமல் போன ஏழாவது வீட்டை மறுபடி கூப்பிட்டார்.

"இன்னாய்யா திரும்பக் கூப்பட்ற?" என்றார் கவுண்டர்.

"கூப்பட்றது என் வேலை. ஒரு தரம்தான் கூப்பிடணும்னு எங்கப்பன் எனக்குச் சொல்லல."

மரத்தடியில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கேட்டும் கேட்காமலும், "கீறோம்" என்றாள். சக்கரவர்த்தி, "காதுல வுழல" என்றார். அவள் முந்தானையை எடுத்துவிட்டுக் கத்தினாள். ஒன்பதாவது வீட்டுக்காரி கூப்பிடுகிறவரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

இருபத்து மூன்று வீடும் பதில் சொன்னது. அந்த ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து இருபத்து மூன்றும் சொன்னதில்லையாம். கவுண்டருக்கே அது பிறகு பெருமையாகிவிட்டது, புதூர்நாட்டுச் சந்தையில் தான்தான் கூட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளட்டும்.

*

ஊர் பேசி முடித்துச் சாவி கிடைத்தது. எனக்கு இல்லை. நான் கையை நீட்டியபோது கவுண்டர் என்னைத் தாண்டிப் போய் மங்கம்மாளிடம் கொடுத்தார்.

"பகல்ல பிள்ளைங்க உள்ள போவட்டும். ஆயாவும் போவட்டும், பிள்ளைங்களப் பாத்துக்கணும்ல. சாமி நாள்ல பூட்டிரணும். டீச்சர் வாசலோட."

"நான் ஏன் வாசலோட?"

"நீ எந்த வூடு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "இருபத்திமூணுல நீ எது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவும் செய்தவள் நான்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் கோபம். நான் புதூர்நாட்டில் சங்கம் பிடித்துக் கொடுத்த அறையில் தங்கி, காலையில் வந்து சாயங்காலம் போகிறவள். ஊரை விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நாலு மணிக்கெல்லாம் ஊரை விட்டுப் போகிறவள். படவேட்டுப் பக்கத்தில் என் அப்பா கரும்பு வெட்டுகிறார். அங்கே கூப்பிட்டால் அவர் வீடு என்று நானும் சொல்லலாம். இங்கே?

ஒரு வாரம் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். உள்ளேயிருந்து பிள்ளைகள் வெளியே பார்த்துப் பாடினார்கள். ஒரு நாள் சக்கரவர்த்தி அந்த வழியாகப் புளி மூட்டையோடு போனவர் நின்றார். மூட்டையை இறக்கவில்லை.

"ஒரு வருஷம் அடுப்பு எரிஞ்சா வூடு" என்றார்.

"எந்த வூடு?"

"எந்த வூடானாலும். வெளியூர்லருந்து வந்தவங்களும் இங்க கீறாங்க. ஒரு வருஷம் புகை வந்தா நான் கூப்பிடணும். அதான் முறை." போய்விட்டார்.

மங்கம்மாளின் விழுந்த கொட்டகையை அந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்து நிமிர்த்தினார்கள். புது மூங்கில், புதுப் புல். மாடு போக ஒரு பக்கத்தில் மண் சுவர் வைத்து எனக்கு ஒரு அறை. வைகாசி மூன்றாம் தேதி நான் அங்கே அடுப்பு மூட்டினேன். முதல் சோறு குழைந்துவிட்டது. சகுந்தலா தின்று பார்த்து, "எங்க ஆடு திங்கும்" என்றாள்.

*

அதற்குள் செய்தி கீழே போய்விட்டது. உடனே நேரில் வரச் சொல்லி சங்கத்திலிருந்து ஆள் வந்தான். தராசு, தட்டுகள், ரெஜிஸ்டர், படச் சுருள், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் போனேன்.

அமலநாதன் சார் மூட்டையைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். "சாமானையும் கொண்டாந்துட்டியா? நல்லது. நான் சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சிக்கிட்ட."

"இன்னா புரிஞ்சிக்கிட்டேன் சார்?"

"உக்காரும்மா. உன்மேல கோபம் இல்ல. ஆனா சொன்னதை மீறிட்ட. கமிட்டியில கேக்கறாங்க, பொம்பளைங்களைக் கிளப்பிவிட இவளை அனுப்பினோமான்னு. நாலு வரி எழுதிக் குடு, தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காதுன்னு. நான் பாத்துக்கறேன். படவேட்டுல சூப்பர்வைசர் போஸ்ட் காலி. உங்க ஊரு பக்கம். அப்பா சந்தோஷப்படுவாரு இல்ல?"

சந்தோஷப்படுவார்தான். 'என் பொண்ணு சூப்பர்வைசர்' என்று கரும்புத் தோட்டம் முழுக்கச் சொல்லுவார். அதை மேலும் நினைக்காமல் மூட்டையை அவிழ்த்தேன்.

"மேல்கொல்லைக்கு யார் வருவாங்க சார்?"

"பாக்கலாம். ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க. கொஞ்ச நாள் மூடி வெப்போம்."

"தெரியாம நடக்கல சார். தெரிஞ்சுதான் கேட்டேன். கேட்டதால கூரை கெடச்சிது. அந்த டீச்சர் கேட்டதுக்கப்புறம் ஆறு வருஷமா ஒருத்தரும் கேக்காததாலதான் கெடைக்கல."

"கிருபாவதி..."

"தட்டு இருபத்தெட்டு. தராசு ஒண்ணு. ரெஜிஸ்டர்ல நேத்து வரைக்கும் எழுதிக்கீது. எல்லாம் சரியான்னு பாத்துக்கங்க."

அவர் தட்டுகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் மெதுவான குரலில் கேட்டார். "சம்பளமில்லாம மலையில இன்னா பண்ணுவே?"

"வூட்டுக்கு ஒரு படி சாமை தர்றதா ஊர் கூடிச் சொல்லியிருக்காங்க. பிள்ளைங்களுக்கும் அதுலதான் சோறு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது சார். சர்க்கார் பால்வாடி கேட்டு மனு எழுதியிருக்கோம். இருபத்திமூணு கைரேகை. ஒம்போது பொம்பளைங்களுது."

"கொடுப்பாங்கன்னு நினைக்கிறியா?"

"கூப்பிடறவரைக்கும் போய் நிப்பேன்."

வெளியே வந்தேன். செருப்பை மாட்டும்போது அவர் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார், நில்லு என்றோ என்னவோ. நிற்கவில்லை. மனு வாங்குகிற யூனியன் ஆபீஸில் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மணி பன்னிரண்டரை. பையில் மனு மடிந்துவிடாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வேகமாக நடந்தேன்.